எண்பத்தெட்டு மார்க் பிஸ்கட்

என் அப்பா தின்பண்டங்களுக்கு மார்க் போடுவார். ருசிக்கு அல்ல. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சத்துப் பட்டியலுக்கு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்துவதற்குப் பிள்ளைகளின் விடைத்தாள் வராமல் போனதும், பலசரக்குக் கடையில் போய் நின்றுகொண்டு பாக்கெட்டுகளைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. சர்க்கரைக்குக் கழிப்பார், உப்புக்குக் கழிப்பார், கெட்ட கொழுப்புக்கு இரட்டிப்பாகக் கழிப்பார், நார்ச்சத்துக்கும் புரதத்துக்கும் கொஞ்சம் கூட்டுவார். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் பெயில். பெயிலான மிக்சர் பாக்கெட்டைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டி, "இதத் தின்னா சனம் சாகும்" என்பார். சாமான் வாங்க நின்றவர்கள் சிரிப்பார்கள். கடைக்காரர் சிரிக்க மாட்டார்.

அவர் முட்டாள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்கெட்டில் சர்க்கரை ரொம்பக் கம்மியாகத் தெரிந்தால், அந்த எண் நூறு கிராமுக்கா, இல்லை கம்பெனிக்காரன் 'ஒரு பங்கு' என்று வைத்திருக்கும் இரண்டு பிஸ்கட்டுக்கா என்று பார்ப்பார். எல்லாவற்றையும் மனக்கணக்கில் நூறு கிராமுக்கு மாற்றித்தான் ஒப்பிடுவார். சேர்மானங்களை அதிகமாக இருப்பதில் தொடங்கி வரிசையாகப் போடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முன்பக்கம் கொட்டை எழுத்தில் கோதுமை என்று போட்டுவிட்டுப் பின்பக்கம் மைதாவை முதலில் வைத்திருக்கிறவனை உடனே பிடித்துவிடுவார். சர்க்கரை எந்தெந்தப் பெயரில் ஒளிந்துகொண்டு வரும் என்பதை, வகுப்புக்கு மட்டம் போடுகிற பையன்களின் பெயரைப் போல மனப்பாடமாக வைத்திருந்தார். இவ்வளவும் செய்கிறவர் ஒன்றை மட்டும் செய்ய மாட்டார். எதையும் தின்று பார்க்க மாட்டார். நொறுக்குத்தீனி தின்பது ஒழுக்கக்கேடு என்பது அவர் கட்சி. வாலிபத்திலேயே விட்டுவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தப் பட்டியல்களை அச்சுக்குத் தயார் பண்ணுகிற வேலை என்னுடையது. சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். அப்பா அம்மாவும் அதே ஊர்தான், ஆனால் நான் தனியாக இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். கம்பெனிக்காரர்கள் மெயிலில் எண்களை அனுப்புவார்கள். நான் கட்டம் போட்டு, எழுத்தை எவ்வளவு சின்னதாக்கலாமோ அவ்வளவு சின்னதாக்கி, பெட்டியின் ஓரத்தில் ஒதுக்குவேன். முன்பக்கத்தில் இலையும் கதிரும் பெரிதாக வரவேண்டும், அதுதான் ஆர்டர். "நான் கட்டம் போட்டுக் குடுக்குறத வாசிச்சிட்டு வந்து எங்க உசுர வாங்காதீக" என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். "நீ ஒட்டுறவ. உனக்கு எண் எங்கன தெரியும்?" என்றார். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்கிய மார்க்கை அவர் இன்னும் மறக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் அவர்களையும் மறக்க விடமாட்டார்.

அம்மா அரசு நர்ஸ். வெம்பக்கோட்டைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். ஊசி போடுவதிலிருந்து, பட்டாசுத் தீயில் வெந்து வருகிறவர்களுக்கு முதல் கட்டுப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வரை பார்த்துப் பழகியவள். வேலையில் இருந்தபோதே அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ஊரில் உள்ளவர்களின் கால் புண்ணைக் கழுவி, திட்டி, கட்டுப் போட்டு அனுப்பியவள் தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை. புதுச் செருப்பின் வார் வலது சுண்டுவிரலைக் கடித்தது. சாதாரணக் கொப்புளம். அது உடைந்தது, ஆறவில்லை. விருதுநகரில் டாக்டர் பார்த்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். சர்க்கரை இறங்கினால் விரல் பிழைக்கும், இறங்காவிட்டால் எடுக்கவேண்டியிருக்கும், எடுத்தால் அந்த விரலோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

அன்றிலிருந்து அப்பாவுக்கு மறுபடியும் ஒரு வகுப்பறை கிடைத்தது. ஒரே ஒரு மாணவி.

பட்டியல் இல்லாத எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். கொய்யாவுக்குப் பட்டியல் கிடையாது, எனவே கொய்யா கிடையாது. அம்மா அவித்த இட்லியில் எவ்வளவு மாவுச்சத்து என்று எவன் சொல்வது? ஆகவே ஓட்ஸ் பாக்கெட், எழுபத்தொன்பது மார்க். சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோர்த்துக்கொண்டார். கிறிஸ்தவர் வீட்டில் அரைஞாண் எதற்கு என்று முன்பு கேலி பண்ணுவார், சாவிக்காகக் கட்டிக்கொண்டார். தினமும் காலையில் அம்மாவின் விரலில் குத்தி மெஷினில் எண் பார்ப்பது அவர்தான். நர்ஸ் அவள், ஆனால் குத்துவது அவர். அந்த எண்ணைச் சாப்பாட்டு ஜெபத்தில் ஆண்டவரிடமும் சொல்லுவார். "கர்த்தாவே, இன்னைக்கி இவளுக்கு இருநூத்தி நாப்பது. இவ நாவை அடக்கியருளும்" என்பார். "ஆமென்" என்று நாங்களும் சொல்லவேண்டும். அம்மா சத்தமாகச் சொல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஜெபம் பண்ணுவார். தட்டில் இருப்பது ஆறிப்போகும்.

இந்தச் சமயத்தில்தான் அவர் அந்த பிஸ்கட்டைக் கண்டுபிடித்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு பேக்கரியில் அடுக்கி வைத்திருந்தார்களாம். கேழ்வரகு பிஸ்கட், சர்க்கரை சேர்க்காதது. எண்பத்தெட்டு மார்க். அவர் இதுவரை போட்டதிலேயே அதுதான் முதல் ராங்க். போனில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அப்போது தீபாவளி சீசன், பட்டாசுப் பெட்டி ஆர்டர்களில் தலை நிமிர நேரமில்லை. "நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். காலையும் மாலையும் அவரே அலமாரியைத் திறந்து, தட்டில் எடுத்து வைத்து, அம்மாவிடம் கொடுத்தார். பிடிவாதம் பிடித்தவர்தான், ஆனால் மனைவியின் காலுக்காகத்தானே இவ்வளவும் என்று ஊரே பேசிக்கொண்டது.

சர்க்கரை ஏறியது.

டாக்டர் மருந்தைக் கூட்டினார். அப்படியும் ஏறியது. வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, அப்பா எல்லாவற்றின் எண்ணையும் கிராமோடு ஒப்பித்துவிட்டு, "கணக்குல பிசகு இல்ல சார். இவ திருடித் திங்குதா" என்றார். டாக்டர் அம்மாவைப் பார்த்து, "நர்ஸா இருந்தவங்க, நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்றார். அம்மா காலில் சுற்றியிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் சோதனை தொடங்கியது. தலையணை உறைக்குள் கைவிட்டுப் பார்த்தார். கைப்பையைக் கட்டிலில் கொட்டினார். வேதப்புத்தகத்தின் ஜிப் உறையைத் திறந்து உதறினார், உள்ளே இருந்து செத்துப்போன எங்கள் பெரியப்பாவின் படம் விழுந்தது. அம்மா பாத்ரூமிலிருந்து வந்தால் கையைப் பிடித்து விரல்களை மோந்து பார்ப்பார். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், "எம் பொண்டாட்டிக்கு எதுவும் குடுத்தா பாவம் உங்க தலையில" என்றார். அந்த அக்கா அதற்குப் பிறகு எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் அம்மா மேல் சந்தேகம்தான். எண் ஏறுகிறதே, வேறு எப்படி ஏறும்? "அம்மா, ஒளிச்சு வச்சு எதுவும் திங்கிறியா?" என்று கேட்டேன். "அவரு குடுக்குறததான் திங்கேன்" என்றாள்.

சபையில் அசனம் வந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்ததும் கோயில் வளாகத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. பணக்காரன் ஏழை பார்க்காமல் இலை போடுவார்கள். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பரிமாறினவள், அன்று புண்பட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தாள். சோற்று வாளி அவளுக்கு நேரே வந்தபோது, எதிர்வரிசையில் இருந்த அப்பா எழுந்து நின்றார். "அங்கன போடாதீக. அவளுக்குச் சுகரு முந்நூறத் தாண்டுது. திருடித் தின்னே காலு அழுகுது" என்றார். வகுப்பில் பேசுகிற அதே குரல், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும். வாளி அடுத்த இலைக்குப் போனது. அம்மா வெற்று இலைக்கு முன்னால், பந்தி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவும் முடியாது, தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். அப்பா சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்து தாங்கிப் பிடித்தார். நான் அன்று என் அப்பாவை வெறுத்தேன். அந்த வார்த்தையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

விரலின் நிறம் மாறத் தொடங்கியபோது, அப்பாவின் தங்கை, என் அத்தை, பார்க்க வந்தாள். சபை மூப்பர் ஒருவரும் ஜெபம் பண்ண வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் இருந்தேன். "நீ கவனிக்கிறது பத்தலையோ என்னமோ" என்று அத்தை வாயைக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து ஓட்ஸ், தானியப்பொடி, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கி மார்க்கைச் சொன்னார். கடைசியாக அந்த பிஸ்கட் பெட்டியை எடுத்து, "இது எண்பத்தெட்டு" என்று மூப்பர் கையில் கொடுத்தார்.

பெட்டியை நான் அன்றுதான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டத்தைப் போட்டது நான். அந்த இலையை ஓரம் வெட்டி ஒட்டியது நான். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஆர்டர் அது. கேழ்வரகுக் கதிர் கேட்ட நிறத்தில் வராமல் நீலம் பாய்ந்து வந்துவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் மொத்த லோடையும் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். இந்த மாதிரிப் பெட்டிகளைக் கிழித்துப் போடவேண்டும் என்றுதான் பேச்சு. யாரும் கிழிப்பதில்லை. வேஸ்ட் பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும், அங்கிருந்து ஊரெல்லாம் பரவும். எங்கள் ஊரில் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று பெட்டியைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். சோப்புப் பெட்டியில் ஊசிநூல் இருக்கும், பட்டாசு கிப்ட் பெட்டியில் அதிரசம் வரும், இருமல் மருந்துப் பெட்டியில் சபைக் காணிக்கை உறைகள் இருக்கும். பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அப்பாவின் ரேசர் பிளேடுகளே ஒரு பற்பசைப் பெட்டியில்தான் இருந்தன. வாசிப்பது என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்கு அச்சடித்தது எல்லாம் சத்தியம்.

பெட்டியை மூப்பர் கையிலிருந்து வாங்கித் திருப்பினேன். அடிப்பக்கத்தில் தயாரித்த தேதி, விலை எல்லாம் போடுவதற்கு ஒரு வெள்ளைக் கட்டம் விடுவோம். பிஸ்கட்டை உள்ளே வைக்கிறபோது கம்பெனியில் அதில் முத்திரை அடிப்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசிக்கிற மனுசன், பூதக்கண்ணாடி வைத்திருக்கிறவர், வெறுங்கட்டத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மார்க் கிடையாது அல்லவா.

ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். மைதா, டால்டா, பல்லில் நறநறவென்று சீனி. தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அசனப் பந்தி ஞாபகத்துக்கு வந்தது, தனியாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "அத்தை, ஒண்ணு தின்னு பாருங்க" என்றேன். அத்தை தின்றாள். "அண்ணே, நல்லா இனிப்பா இருக்கே" என்றாள். மூப்பருக்கு ஒன்று கொடுத்தேன். அவர் மென்றுவிட்டுத் தண்ணீர் கேட்டார். பிறகு அப்பாவிடம் நீட்டினேன்.

"நா இதெல்லாம் திங்க மாட்டேன்னு தெரியாதா உனக்கு?"

"இன்னைக்கித் தின்னுங்க" என்றேன்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு வழியில்லை. வாயில் போட்டு மெதுவாக மென்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. விழுங்கிவிட்டுச் சொன்னார், "கேவுரு பிள்ள. கேவுருல இயற்கையாவே ஒரு இனிப்பு உண்டு."

பெட்டியையும் அவரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பேக்கரிக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுசன், மறைக்கவே இல்லை. "அது பட்டர் பிஸ்கட் சார். நம்ம அடுப்புல போட்டது. பொட்டி எடைக்கு வாங்குனது, நமத்துப் போகாம இருக்கும்னு வச்சிருக்கோம்" என்றார். அப்பா பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டி, "இங்கன சர்க்கரை சேர்க்காததுன்னு போட்டிருக்கு" என்றார். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியா போட்டிருக்கு?" என்றார். பிறகு டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "சிவகாசியில பொட்டிய வாசிச்சு பிஸ்கட் வாங்குன ஆளு நம்ம சார் ஒருத்தருதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போய், பை கிடைக்காமல் தடவிக்கொண்டே நின்றார்.

மறுவாரம் விரலை எடுத்தார்கள். எடுத்த இடம் சுத்தமாக இல்லை என்று பக்கத்து விரலையும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்பா ஜெபம் பண்ணினார். "கர்த்தாவே, எங்களை ஏமாத்துனவங்களை மன்னியும்" என்றார். பேக்கரிக்காரரைச் சொல்கிறார். தன்னைப் பற்றி ஆண்டவரிடம் அவருக்கு ஒன்றும் சொல்வதற்கு இல்லை.

அவர் டீ வாங்கப் போனதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மயக்கம் தெளிந்து நல்ல சுயநினைவோடு இருந்தாள். "பாவம், உனக்குத் தெரியாமலே விஷத்தத் தின்ன வச்சிட்டாரு" என்றேன்.

"தெரியாமலா?" என்றாள். "எனக்கென்ன நாக்கு செத்தா போச்சு? மொத நாளே தெரியும்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். அவளே சொன்னாள்.

"மொத நாளு சொன்னேன். இது சீனியா இனிக்குதுங்கன்னேன். உன் நாக்க நம்பவா, அச்சடிச்சிருக்குறத நம்பவான்னு கேட்டாரு. எண்பத்தெட்டு மார்க்குன்னாரு. சரின்னு விட்டுட்டேன். ரெண்டாந்தடவ சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள டாக்டருகிட்டப் போயி என்னயத் திருடின்னாரு. அசனத்துல வச்சுத் திருடின்னாரு. சரி, தின்னு பாப்போம், யாரு திருடின்னு வெளிய வரட்டும்னு தின்னேன்."

"கால் போயிரும்னு உனக்குத் தெரியாதா? நீ நர்ஸ்தானே?"

"தெரியும்" என்றாள். "எத்தன கால் பாத்திருக்கேன். எந்த நெறத்துல இருந்தா என்ன ஆகும்னு தெரியும். ரெண்டு விரலோட நிக்கும்னு நெனச்சேன், நின்னுருச்சு."

எனக்கு அப்பா மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடம் அவள் மேல் திரும்பியது. பக்கத்தில் இருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து அடிக்கலாமா என்று இருந்தது. இத்தனை நாள் நான் யாருக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டேனோ, அவள் தன் விரல்களைப் பணயமாக வைத்துப் புருஷனோடு பந்தயம் கட்டியிருக்கிறாள். காலையும் மாலையும் அவர் நீட்டிய தட்டிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக, தெரிந்தே தின்றிருக்கிறாள். "நீயும் அவரும் ஒண்ணுதான்" என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு என் மேல் வேறொரு வருத்தம் இருந்தது.

"நீ அவசரப்பட்டுட்ட. சபையில அன்னைக்கிப் பந்தியில இருந்த அம்புட்டுப் பேரும் இருக்கும்போது நானே சொல்லணும்னு வச்சிருந்தேன். நீ அத்தைக்கும் மூப்பருக்கும் முன்னால போட்டு ஒடச்சிட்ட."

ஆனால் அவள் விடவில்லை. கால் கொஞ்சம் தேறி, மறுபடியும் கோயிலுக்குப் போன முதல் ஞாயிறு, சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வியாதியிலிருந்து பிழைத்தவர்கள் சபை முன்னால் நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்வது எங்களுக்கு வழக்கம். யாரும் மறுக்க மாட்டார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. பக்தியாகத்தான் பேசினாள்.

"என் விரல் ரெண்டும் போனாலும் காலைக் காத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எனக்கு இம்புட்டு அக்கறையான புருஷனைக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம். அவரு பூதக்கண்ணாடி வச்சு வாசிச்சு, சக்கர இல்லாத பிஸ்கட்டுன்னு பாத்துப் பாத்து வாங்கி, தன் கையாலேயே காலையும் மாலையும் எனக்குத் தந்தாரு. அது முழுக்கச் சீனின்னு பெறகுதான் தெரிஞ்சது. நா திருடித் திங்கேன்னு அசனத்துல நீங்க எல்லாரும் கேட்டீகளே, இப்ப யாரு தந்து தின்னேன்னும் கேட்டுக்கோங்க. அவரு கண்ணை ஆண்டவர் தெறக்கணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

பெண்கள் பக்கத்தில் யாரோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் பக்கம் அப்பா நேராக உட்கார்ந்திருந்தார். போதகர் "ஆமென்" என்றார், சபை முழுக்க "ஆமென்" என்றது. பிறகுதான் தெரிந்தது என்று அவள் சொன்னது பொய். கோயிலுக்குள் நின்று சொன்ன பொய். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அப்பாவிடம் நான் இன்றுவரை அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் பாரம் இறங்கும். அவருக்குப் பாரம் இறங்குவதை அம்மாவும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை.

இப்போது அலமாரிக்குப் பூட்டு இல்லை. இட்லி வந்துவிட்டது, கொய்யா வந்துவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது. புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அப்பாதான், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எப்படிக் கழுவவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறாள். மூன்று விரல் இருக்கிற காலை அவர் மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாப் பாருங்க, எது இருக்கு எது இல்லன்னு பாருங்க" என்கிறாள். கடையிலிருந்து எதை வாங்கி வந்தாலும் முதலில் அவர் பின்பக்கத்தைச் சத்தமாக வாசிக்கவேண்டும். தேதி இருக்கிறதா என்று சொல்லவேண்டும். பிறகு அவரே ஒரு வாய் தின்றுவிட்டு, எப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டும். "எம்புட்டு மார்க்?" என்று கேட்பாள். "தெரியல" என்று அவர் சொல்கிற வரைக்கும் தட்டைத் தொட மாட்டாள். அப்பாவின் வாயில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. இப்போது நாளுக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன்.

போன ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். மூன்று பேருக்கும் சோறு போட்டாகிவிட்டது. அப்பா பழக்கத்தில் கண்ணை மூடி, கையைக் கோத்து, வாயைத் திறந்தார். "நா பண்ணுதேன்" என்றாள் அம்மா. சாப்பாட்டு ஜெபம் இப்போது அவளுடையது என்பதை அவர் இன்னும் மறந்து மறந்து போகிறார்.

"கர்த்தாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்றாள். "என் புருஷனுடைய கண்ணைத் தெறந்தருளும்."

"ஆமென்" என்றேன். அப்பாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.